அழுவுற ஸ்கூல்

போன மாதம் ரேணுகா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாக வேலை செய்த கண்டி நகரப் பாடசாலையில் என்னுடன் இருந்த இளம் ஆசிரியை அவள். இப்போது ஆரம்பப் பிரிவுக்கு அவளை ஆலோசனை ஆசிரியையாகப் போட்டிருக்கிறார்களாம். பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிப்பதற்கென்று ஓர் அறையும் ஒதுக்கியிருக்கிறார்கள். "டீச்சர், அறைக்கு என்ன கலர் அடிக்கலாம்? செவத்துல என்ன படம் மாட்டலாம்? மெத்த போட்ட கதிரை ஒண்ணு கேட்டிருக்கேன், கெடைக்குமான்னு தெரியல" என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

"ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டேன்.

"ஜன்னலா? பின்பக்கம் டீச்சர். மதில்தான் தெரியும்."

"அப்ப ரோடு தெரியிற வேற அறை கேளு" என்று சொல்லி வைத்துவிட்டேன். போனில் நீட்டி முழக்கிப் பேச எனக்கு எப்போதுமே பொறுமை கிடையாது. வைத்த பிறகுதான், பாவம், அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள் என்று தோன்றியது. அவளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஜன்னலைப் பற்றி ஏன் கேட்டேன் என்பதற்கு ஒரு சிறு பெண்ணின் கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்துக் கேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

நான் கம்பளையில் பிறந்து வளர்ந்தவள். பயிற்சிக் கலாசாலையில் பிள்ளை உளவியல் என்று ஒரு பாடம் இருந்தது. வெளிநாட்டு அறிஞர்களின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பேன். நல்ல புள்ளியும் வாங்கினேன். முதல் நியமனம் ஹுன்னஸ்கிரிய மலையில் ஒரு தோட்டப் பாடசாலைக்குக் கிடைத்தது. தை மாதக் குளிரில் முதலாம் வகுப்புக்குள் நுழைந்து, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அழுவதைக் கேட்டபோது அந்த அறிஞர்களில் ஒருவர்கூட உதவிக்கு வரவில்லை.

அங்கே அதிபராக இருந்தவர் நஸீர் சேர். அலவத்துகொடக்காரர். கிழமை நாட்களில் பாடசாலையை ஒட்டிய ஒற்றை அறையில் தங்குவார். வெள்ளிக்கிழமை மதியம் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுவார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கோ மூக்கின் நுனியில் கோபம். அதனால் அவருடைய நிதானம் தொடக்கத்தில் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஒரு விஷயத்துக்கு அவர் 'இல்லை' என்று சொல்லப்போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியால் துடைப்பார். கண்ணாடி கையில் வந்துவிட்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

மற்றப் பாடசாலைகளில் முதலாம் வகுப்பு தொடங்கும் கிழமையில் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளையின் கையில் ஒரு பந்தைக் கொடுத்து, "அங்க பாரு, கிளி" என்று சொல்லி, அது திரும்பிய நேரம் பார்த்துத் தாய் பின்பக்கமாக நழுவிவிடுவாள். நஸீர் சேரின் கேட்டில் அது நடக்காது. தாய் பிள்ளையின் கையைப் பிடித்தபடி கேட்டடிக்கு வர வேண்டும். பிள்ளையின் மற்றக் கையை ஆசிரியை பிடிப்பாள். அதன் பிறகு தாய் குனிந்து, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொல்ல வேண்டும். கொழுந்தெடுக்கப் போறேன், மத்தியானம் கொழுந்து எடை போட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன், போயிட்டு வாரேன். இவ்வளவும் சொன்ன பிறகுதான் தாய் கையை விடலாம். அதற்குப் பிறகு பிள்ளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அழலாம். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். இனிப்புக் கொடுத்து வாயடைக்கக் கூடாது, 'அழாதே' என்று சொல்லவும் கூடாது. அழுது ஓய்ந்த பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வகுப்புக்கு அழைத்துப் போவோம்.

சொன்ன நேரத்துக்குத் தாய் வராவிட்டால் தொலைந்தாள். சேர் அவளைத் தனியே அழைத்து அதே மெல்லிய குரலில் பேசுவார். அதைவிட நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்படி பேசுவார்.

முதல் இரண்டு கிழமையும் அழுகைச் சத்தம் தேயிலைத் தொழிற்சாலை வரை கேட்கும். தோட்டத்தில் எங்களுக்கு 'அழுவுற ஸ்கூல்' என்றே பெயர். "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்று கூட வேலை செய்த சண்முகம் மாஸ்டர் காதைப் பொத்திக்கொள்வார். எனக்கும் அதே எண்ணம்தான். ஒருநாள் சேரிடம் கேட்டேவிட்டேன். "கண்ணுக்குத் தெரியாம போயிட்டா பிள்ளைங்க கொஞ்ச நேரத்துல மறந்துடுமே சேர். எதுக்கு இந்தக் கஷ்டம்?"

"மறக்கிற இல்ல டீச்சர்" என்றார். "வாய மூடிக்கொள்ற. ரெண்டும் ஒண்டில்ல."

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பிள்ளையின் போக்கில் ஏதாவது மாறினால், அந்தப் பிள்ளையை விசாரிக்கக் கூடாது. 'ஏன் இப்படிச் செய்கிறாய்' என்று கேட்டால் ஏழு வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும்? நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதைச் சொல்லும். ஆகவே ஆசிரியை வீட்டுக்குப் போக வேண்டும். குற்றம் சொல்லாமல், கொடுக்கும் தேநீரைக் குடித்துக்கொண்டு, பிள்ளை எங்கே படுக்கிறது, எங்கே உட்கார்ந்து எழுதுகிறது என்று பார்த்துவிட்டு வர வேண்டும். அதுவரை அந்த வகுப்பை அவர் பார்த்துக்கொள்வார்.

பல வருடங்கள் கழித்துக் கண்டியில் இந்தப் பழக்கம் எனக்குக் கைகொடுத்தது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதுவதை அழித்து அழித்துக் கொப்பியில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். வீட்டுக்குப் போனேன். அவனுடைய மேசைக்கு நேர் எதிரே, தலையை உயர்த்தினால் கண்ணில் படும் இடத்தில், அதே பரீட்சையில் சித்தியடைந்த அண்ணனின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. படத்தைக் கழற்றச் சொல்லவில்லை. பெற்றவர்கள் மனம் நோகும். மேசையை மற்றச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னேன். பையன் பாஸ் பண்ணினானா என்று என்னிடம் கேட்காதீர்கள். கொப்பியில் ஓட்டை விழுவது நின்றது.

இனி சுகந்தி.

அவள் என்னுடைய இரண்டாம் வகுப்பில் இருந்தாள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அம்மா லெச்சுமி அந்த வருடம்தான் வீட்டு வேலைக்காக மத்திய கிழக்குக்குப் போயிருந்தாள். அவர்கள் குடியிருந்த லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசையில், இன்னும் சில வீடுகளிலும் அப்படித்தான். ஆகவே நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சுகந்தியையும் அவளுடைய கைக்குழந்தைத் தங்கச்சியையும் அப்பாவின் அக்கா பாக்கியம் பார்த்துக்கொண்டாள்.

தாய் போன சில நாட்களிலேயே சுகந்திக்குக் காலையில் வயிற்றுவலி தொடங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார்கள். பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டினார். வலியோடுதான் பள்ளிக்கு வருவாள். வந்தால் கதவடியில் உட்காருவாள். புத்தகப் பையை முதுகிலிருந்து இறக்க மாட்டாள். எழுதும்போதும் பை முதுகில்தான் இருக்கும். இடைவேளை மணி அடித்ததும் ஒரே ஓட்டமாகக் கேட்டைத் தாண்டி ஓடிவிடுவாள். மணி முடிவதற்குள் வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி வருவாள். கொய்யாக்காய் பறிக்கப் போகிறாள் என்றார் சண்முகம் மாஸ்டர். வீட்டில் ஏதாவது தின்னப் போகிறாள் என்று நான் நினைத்தேன்.

சேர் சொன்னபடி ஒருநாள் இடைவேளைக்கு முன்பே லயத்துக்குப் போனேன். பாக்கியம் பலகையைத் தட்டிப் போட்டு உட்காரச் சொல்லிப் பிளேன்டீ கொடுத்தாள். மடியில் குழந்தை. பாதித் தேநீர் குடித்திருப்பேன். தூரத்தில் எங்கள் பள்ளி மணி கேட்டது. சற்று நேரத்தில் வாசலில் சுகந்தி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. அத்தையைப் பார்த்தாள். தங்கச்சியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தும் பாராதவள் போல ஒரு நொடி நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. அப்படியே திரும்பி ஓடிவிட்டாள்.

"தெனமும் இப்பிடித்தாங்க டீச்சர்" என்றாள் பாக்கியம். "வரும், எட்டிப் பாக்கும், ஓடிடும். ரொட்டி குடுத்தாக்கூட வாங்காது. என்னா கோளாறுன்னே தெரியல."

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். "லெச்சுமி போறப்போ சுகந்தி எங்க இருந்திச்சு?" என்று கேட்டேன்.

"ஸ்கூல்லதாங்க. அது அங்கிட்டுப் போனதும் வேன் வந்திச்சு. புள்ள கண்ணுல தண்ணியப் பாத்துட்டுப் பயணம் போனா போற எடம் வெளங்காதுங்களே. இங்க எல்லாரும் அப்பிடித்தான் போறது. சாயந்தரம் வந்து அம்மா எங்கன்னு கேட்டிச்சு. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு, நாளைக்கு வந்திடும்னு சொன்னோம். அப்பறம் கேக்கவே இல்ல. மறந்திருச்சுன்னு நெனச்சேன்."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டது என்று நினைக்குமாம். பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான். பிள்ளைக்கு அன்று ஒன்று மட்டும் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடம் போனால், திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்காது. இனி யார் காணாமல் போவார்கள் என்று பார்க்கத்தான் தினமும் ஓடி வந்தாள். பை முதுகில் இருந்ததும் அதற்காகத்தான்.

சேரிடம் சொன்னேன். "ஓட விடுங்க. கேட்ட மூட வேணாம்" என்றார். அதோடு பாக்கியத்தைக் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு செய்தார். எங்கள் மைதானத்தின் ஓரத்தில் நின்றால் மலைப்பாதையின் வளைவுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். லயத்துக்குப் பக்கத்து வளைவில், இடைவேளை மணி கேட்டதும், பாக்கியம் குழந்தையோடு வந்து நிற்க வேண்டும். "எனக்கு வேற வேல இல்லைங்களா?" என்று முணுமுணுத்தாள். ஆனாலும் வந்து நின்றாள். சுகந்தி மைதான ஓரத்திலிருந்து பார்ப்பாள். ஓட்டம் நின்றது, வயிற்றுவலி மெல்ல மெல்லக் குறைந்தது. பை மட்டும் முதுகை விட்டு இறங்கவில்லை.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. சுகந்தி மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தாள். பிறகு லெச்சுமி விடுமுறையில் வந்தாள். கம்பளிப் போர்வை, பால்மா, பாட்டுப் பெட்டி எல்லாம் வந்தன. சுகந்தி பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். பார்க்கப் போனேன். தாய் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனாலும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். இன்னும் ஒரு தவணை அங்கே வேலை செய்தால் லயத்தை விட்டு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கலாம் என்று புருஷனும் பெண்சாதியும் முடிவு செய்திருந்தார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். லயத்தின் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த ஆசை விளங்கும்.

ஆனால் பாக்கியம் என்னிடம் ரகசியமாகச் சொன்ன திட்டம்தான் என் தலையில் தீ வைத்தது. "கம்பளையில திருவிழா வருதுங்க. நான் சுகந்திய அங்க சொந்தக்காரங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அந்த நேரத்துல லெச்சுமி கெளம்பிடும். புள்ள ஸ்கூல்ல இருக்கிறப்போ போகாததால ஸ்கூல் மேல பழி வராதுங்களே டீச்சர்." எனக்கு நல்லது செய்வதாகத்தான் அவள் நினைத்தாள்.

நேரே சேரிடம் போய்க் கொட்டினேன். "இன்னொரு தடவ இப்பிடிச் செஞ்சா அந்தப் பிள்ளை இனி யாரையும் நம்பாது சேர். அப்புறம் ஸ்கூல் பக்கமே வராது. நம்ம கேட்டுல செய்யிற மாதிரி, சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அது எங்கட கேட்டுக்கு உள்ளுக்கு டீச்சர். இது அவங்கட வீடு. அவங்கட நம்பிக்க. புள்ள அழுது, பொறகு அந்தப் பொம்புளைக்கு அங்க என்னமும் நடந்தா, டீச்சர் சென்னதாலதான் எண்டு செல்லுவாங்க. ஒத்தரும் புள்ளகள அனுப்ப மாட்டாங்க. அத யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "கேட்டோட நம்ம வேலை முடிஞ்சிடும்னா, எதுக்கு என்னைய வீடு வீடா அனுப்புனீங்க?" என்று கேட்டேன். அதிபரிடம் பேசும் பேச்சா அது என்று சண்முகம் மாஸ்டர் பிறகு கடிந்துகொண்டார். நஸீர் சேர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மாட்டிக்கொண்டார்.

"அப்ப கேட்டடியில செய்ங்க. அந்தப் பொம்புள இங்க வந்து செல்லிட்டுப் போகட்டும். கேட்டடியில நடக்கிற எல்லாம் என்ட பொறுப்பு. ஆனா அவ விரும்பினா மட்டும். நீங்க அதட்டப் படாது."

லெச்சுமியிடம் பேசப் போனபோது சுகந்தி அவள் மடியில் பகல் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தாள். தாயின் முந்தானையை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள். நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். சகுனத்தைப் பற்றித்தான் பேசுவாள் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலும் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் அதைப் பேசவே இல்லை.

"சகுனமாவது மண்ணாவது டீச்சர். போன தடவ புள்ள அழுவுறதப் பாக்காமத்தானே போனேன்? அங்க போய் நான்தான் அழுதுக்கிட்டுக் கெடந்தேன். இது அழுதா என்னோட காலு நகராது. அதுதான் பயம். நகராமப் போயிட்டா எல்லாம் போச்சு. நாங்க இந்தக் காம்பராவுலயேதான் கெடக்கணும்."

"காலு நகரலன்னா நான் பின்னால நின்னு தள்ளி விடுறேன்" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளை விழித்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பயணத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். அன்று முழுக்க சுகந்தி சாப்பிடவில்லை, பேசவில்லை. பாக்கியம் என் குவார்ட்டர்ஸ் வாசலுக்கே வந்துவிட்டாள். "பாத்தீங்களா டீச்சர்? தூங்குற புள்ளையத் தட்டி எழுப்பிட்டீங்க. அந்தப் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?" எனக்கும் பயமாகத்தான் இருந்தது. என் பிடிவாதத்துக்கு ஒரு பிள்ளையைப் பலி கொடுக்கிறேனோ என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது.

பயண நாள் காலையில் வேன் கேட்டடிக்கு வந்து நின்றது. புதுச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து, லெச்சுமி சுகந்தியைக் கையில் பிடித்தபடி இறங்கினாள். பிள்ளை பள்ளி உடுப்பில் இருந்தாள், பை முதுகில். நான் போய் மற்றக் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. சேர் கேட்டுக்கு உள்ளே, பிள்ளையின் உயரத்துக்குக் குந்தியிருந்தார். பாக்கியம் குழந்தையோடு தள்ளி நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லெச்சுமி குனிந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். "அம்மா வெளிநாட்டுக்கு வேலைக்குப் போறேன். ரெண்டு தீவாளி கழிச்சு வருவேன். கேசட்டுல பேசி அனுப்புறேன். அப்பா, அத்தை, தங்கச்சி எல்லாரும் வீட்டுலதான் இருப்பாங்க. நீ ஸ்கூல் விட்டு வர்றப்போ இருப்பாங்க. போயிட்டு வாரேன்."

சுகந்தியின் விரல்கள் விடவில்லை. நாங்கள் யாரும் பிரிக்கவில்லை. டிரைவர் ஹோர்ன் அடித்தான். சேர் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தி அடக்கினார்.

"அந்த வேனுலயா?" என்று கேட்டாள் சுகந்தி.

"ஆமா."

"எந்தப் பக்கமா போவும்?"

லெச்சுமி மலைப்பாதையைக் காட்டினாள். ஒவ்வொரு வளைவாக, கீழே கோவில் வளைவு வரை விரலால் காட்டினாள். பிள்ளை அதையெல்லாம் பார்த்து முடித்துவிட்டுத் தானாகவே கையை விட்டாள். நான் யாரையும் தள்ளிவிட வேண்டியிருக்கவில்லை.

லெச்சுமி வேனில் ஏறியதும் நானும் சுகந்தியும் மைதான ஓரத்துக்குப் போனோம். வேன் மறையும், அடுத்த வளைவில் வரும், மறையும், வரும். ஜன்னலுக்கு வெளியே லெச்சுமியின் கை நீட்டியபடியே இருந்தது. கோவில் வளைவைத் தாண்டியதும் பாதை வெறுமையாயிற்று. அப்போதுதான் சுகந்தி அழுதாள். ஒரு வருடத்துக்கு மேல் உள்ளே வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். அழுவுற ஸ்கூல் என்ற பெயருக்கு அன்றுதான் முழு அர்த்தம் வந்தது. வகுப்புகளில் பாடம் நின்றது. நான் புல்லில் உட்கார்ந்திருந்தேன். சேர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பாக்கியம் எங்களைத் திட்டத்தான் வந்தாள் போலிருக்கிறது. வந்தவள் சுகந்தியின் பக்கத்தில் உட்கார்ந்து தானும் அழுதாள்.

அழுகை ஓய நெடுநேரம் ஆனது. முகத்தைக் கழுவிவிட்டு வகுப்புக்கு அழைத்துப் போனேன்.

தாய் சொன்னபடி வந்தாளா என்று ரேணுகா கேட்பாள். வந்தாள். இரண்டாவது தீபாவளி கழிந்து, தைப்பொங்கலுக்கு முன்னால் நல்லபடியாக வந்து சேர்ந்தாள். பிந்திய அந்த நாட்களுக்காக சுகந்தி அவளைச் சும்மா விடவில்லை என்று பாக்கியமே எனக்குச் சொன்னாள். வரவில்லையென்றால் இந்தக் கதையை இப்படி எழுதத் துணிந்திருப்பேனா என்று தெரியவில்லை. நஸீர் சேர் பயந்தது நியாயமான பயம்தான்.

ஆனால் என் மனதில் நிற்பது அவள் திரும்பி வந்த நாள் இல்லை. புறப்பட்ட அந்த நாளின் இடைவேளைதான். மணி அடித்தது. ஓடுவாளா என்று பார்க்கக் கேட்டடியில் போய் நின்றேன். சுகந்தி நடந்து வந்தாள். மைதான ஓரத்தில் நின்று லயத்து வளைவைப் பார்த்தாள். அழுது வீங்கிய முகத்தோடு பாக்கியம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கே நின்றாள். பிறகு கீழே, வேன் போன வெறும் பாதையைப் பார்த்தாள்.

"டீச்சர், அம்மா இப்ப எங்க போயிருக்கும்?"

"தெல்தெனிய தாண்டியிருக்கும். இனிக் கண்டி. அப்புறம் கொழும்பு."

கொஞ்சம் யோசித்தாள். "சரி டீச்சர். நான் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு பைப்படிக்குப் போனாள். அவள் முதுகில் பை இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். வகுப்புக்குள் எட்டிப் பார்த்தேன். மற்றப் பைகளோடு சேர்ந்து அதுவும் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.